சொற்பட்டியல் கையில் இருக்கிறது, கதைப் புத்தகம் எங்கே?

சீன மேல்நிலைப் பள்ளி மாணவர்கள் ஆங்கிலச் சொற்களைப் படிப்பதில்லை என்று யாரும் குறைசொல்ல முடியாது. காவோகாவோ என்னும் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக்கு 2024இல் 1 கோடியே 34 லட்சம் பேர் பதிவுசெய்தார்கள். மொத்தம் 750 மதிப்பெண்ணில் அயல்மொழித் தாளுக்கு 150. சீன மொழிக்கும் கணிதத்துக்கும் அதே 150தான். ஏறக்குறைய எல்லோருக்கும் அந்த அயல்மொழி ஆங்கிலம். அதற்காக அவர்கள் உருப்போடும் சொற்கள் சுமார் 3,500. 2017ஆம் ஆண்டுப் பாடத்திட்டம் கேட்பது ஏறத்தாழ 3,000தான் என்றாலும், பழைய தேர்வு விதிமுறையிலிருந்து வந்த 3,500 என்ற எண் புத்தகக் கடையிலும் வகுப்பறையிலும் நிலைத்துவிட்டது. இத்தனையையும் மனத்தில் ஏற்றிக்கொண்ட பிள்ளைகளில் பலரால் ஓர் ஆங்கில நாவலின் பத்துப் பக்கங்களைத் தடுமாறாமல் படிக்க முடிவதில்லை. அவர்களுக்கு என்ன படிக்கக் கொடுக்கிறோம், எவ்வளவு கொடுக்கிறோம் என்பதில்தான் கோளாறு என்று நினைக்கிறேன்.

சொற்கள் எப்படிப் படிக்கப்படுகின்றன என்பதை முதலில் பார்ப்போம். முதல் பாடவேளைக்கு முன்னால் 'ஸாவ்து' எனப்படும் காலை வாசிப்பு நடக்கும். வகுப்பில் ஐம்பது பேர் இருந்தால் ஐம்பது பேரும் அவரவர் பக்கத்தை உரக்கச் சொல்வார்கள். சொல்லை ஒருமுறை, எழுத்தெழுத்தாக ஒருமுறை, பிறகு சீனப் பொருள், மறுபடி சொல். ஹெபெய் மாகாணத்தின் புகழ்பெற்ற ஹெங்ஷுயி பள்ளியில் ஓட்டப் பயிற்சிக்கு வரிசையில் நிற்கும் சில நிமிடங்களில்கூட மாணவர் கையில் சின்னக் குறிப்பு இருக்கும். வீட்டுக்குப் போனால் கைபேசிச் செயலிகள். ஒரு செயலி சொல்லைக் காட்டிச் சரியான படத்தைத் தொடச் சொல்லும். இன்னொன்று நாம் எப்போது மறப்போம் என்று கணக்கிட்டு அந்த நேரத்தில் சொல்லைத் திரும்பக் கொண்டுவரும். அச்சுப் புத்தகங்களில் பல இன்னும் அகர வரிசையில்தான் வருகின்றன. 'அபேண்டன்' என்ற சொல்லை அறியாத சீன மாணவர் இல்லை, ஏனென்றால் பட்டியலின் தலையில் நிற்பது அதுதான். ஒவ்வொரு பருவத்திலும் முதல் பக்கத்திலிருந்து புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஏ, பி, சி வரை நன்றாகத் தெரியும். பிறகு தேய்ந்துவிடும்.

மனப்பாடத்தைப் பழிக்க எனக்கு மனமில்லை. ஸ்பானிய மாணவர் ஆங்கிலம் படிக்கும்போது ஆயிரக்கணக்கான சொற்கள் அவருக்குப் பாதி தெரிந்தே வருகின்றன. இரு மொழிகளும் லத்தீனிலிருந்து நிறைய எடுத்துக்கொண்டவை. சீன மாணவருக்கு அந்த வசதி இல்லை. காபி, சோபா, சாக்லேட் போன்ற சிலவற்றைத் தவிர, சீன மொழி வெளியிலிருந்து வந்த பொருள்களுக்கெல்லாம் தன் எழுத்துகளைக் கொண்டே பெயர் கட்டிக்கொண்டது. வினைச்சொல் காலத்துக்கேற்ப உருமாறும் வழக்கமும் அதில் கிடையாது. எழுத்து முறையும் வேறு. ஒரே ஆறுதல், பெருநிலச் சீனாவில் குழந்தைகள் தொடக்கப் பள்ளியிலேயே, சீன ஒலிகளை ரோமன் எழுத்தில் எழுதும் பின்யின் வழியாக அந்த எழுத்தை ஒலியோடு பழகிவிடுகிறார்கள். ஹாங்காங் மாணவர்களுக்கு அந்தப் பழக்கம் இல்லாததால் முன்பின் பார்க்காத ஆங்கிலச் சொல்லை ஒலித்துப் படிக்கத் திணறுகிறார்கள் என்று 1996இலேயே ஓர் ஆய்வு காட்டியது. இப்படி அடியிலிருந்து ஏற வேண்டியவருக்கு முதல் ஈராயிரம், மூவாயிரம் சொற்களைப் பட்டியலாகப் படிப்பது நல்ல தொடக்கம்தான்.

பட்டியல் தராத ஒன்று இருக்கிறது. சீன மாணவர்களின் ஆங்கிலக் கட்டுரைகளில் ஆசிரியர்கள் ஓயாமல் திருத்தும் தொடர்களில் ஒன்று 'லேர்ன் நாலெட்ஜ்'. 'ஓப்பன் தி லைட்' இன்னொன்று. இவற்றிலுள்ள ஒவ்வொரு சொல்லும் அந்தப் பிள்ளைகள் எப்போதோ படித்து முடித்ததுதான். பொருள் கேட்டால் உடனே சொல்வார்கள், எழுத்துப் பிழையும் இருக்காது. ஆனால் எந்தச் சொல் எதனோடு சேரும் என்பதைத் தாய்மொழியிலிருந்து எடுத்திருக்கிறார்கள். சீனத்தில் அறிவைக் 'கற்கலாம்', விளக்கைத் 'திறக்கலாம்'. ஆங்கிலத்தில் இவை எப்படிச் சேரும் என்பதற்கு விதி எழுதிக் கொடுக்க முடியாது. விளக்கைப் போடுகிற காட்சி நாற்பது கதைகளில் கண்ணில் பட்டிருந்தால் கை தானாகச் சரியாக எழுதும். அந்த நாற்பது கதைகள் அவர்கள் கைக்கு வருவதே இல்லை.

அவர்களுக்கு வருவது கேள்வித்தாள். தேர்வின் வாசிப்புப் பகுதியில் நான்கு பத்திகளும், விடுபட்ட வாக்கியங்களைப் பொருத்த ஒரு பத்தியும் உண்டு. மொத்தம் 20 கேள்விகள், 50 மதிப்பெண். எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 1,500 சொற்கள் அளவில் இருக்கும். 'ஐந்தாண்டு காவோகாவோ, மூன்றாண்டு மாதிரித் தேர்வு' என்ற பெயரில் விற்கும் தடித்த பயிற்சி நூலில் இதே வகைப் பத்திகள்தான் வரிசையாக இருக்கின்றன. மாணவர் முதலில் கேள்வியைப் படிப்பார், பிறகு பத்தியில் விடை இருக்கும் வரியைத் தேடுவார், குறித்துவிட்டு அடுத்ததற்குப் போவார். ஆசிரியர் வந்து அந்தப் பத்தியை வரிவரியாகப் பிரித்து, கடினமான சொற்களைப் பலகையில் எழுதுவார். அவையும் பட்டியலில் சேர்ந்துகொள்ளும். வாரத்துக்கு ஒரு தாள் வீதம் நாற்பது வாரம் இப்படிப் படித்தால் ஆண்டுக்கு 60,000 சொற்கள் கண்ணில் படும்.

இந்த 60,000 எவ்வளவு குறைவு என்பதைப் புரிந்துகொள்ள நியூசிலாந்து மொழியியலாளர் பால் நேஷனின் கணக்குகள் உதவும். ஆங்கிலத்தில் அடிக்கடி வரும் சொற்களை ஆயிரம் ஆயிரமாக அடுக்கினால், மூன்றாவது ஆயிரத்தில் உள்ள ஒரு சொல்லைப் பன்னிரண்டு முறையாவது சந்திக்க ஏறத்தாழ 3 லட்சம் சொற்கள் நீளத்துக்குப் படிக்க வேண்டும் என்று 2014இல் அவர் கணித்தார். ஐந்தாவது ஆயிரத்துக்குப் போனால் அது 10 லட்சத்தைத் தாண்டுகிறது. தேர்வுப் பத்திகள் தருவது முதல் அளவில் ஐந்தில் ஒரு பங்கு. அதுவும் கடினமான பத்திகளில். ஒரு பக்கத்தைத் துணையின்றிப் படித்து அனுபவிக்க நூற்றுக்கு 98 சொற்களாவது தெரிந்திருக்க வேண்டும் என்பது நேஷன் உள்ளிட்டோரின் முடிவு. ஆங்கில நாவலுக்கும் நாளிதழுக்கும் அந்த நிலையை எட்ட 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் தேவை. முடிவெடு, முடிவு, முடிவான என்பவற்றையெல்லாம் ஒரே குடும்பமாக எண்ணினாலும் இவ்வளவு. 3,500ஐ முழுமையாகப் படித்து முடித்தவருக்கும் இருபது சொற்களுக்கு ஒன்றாவது தெரியாமல் நிற்கும். அச்சில் இரண்டு வரிக்கு ஒரு முட்டுக்கட்டை. அந்த வேகத்தில் கதையைத் தொடர யாருக்கும் பொறுமை இருக்காது.

எனவே 'நாவலைக் கொடு, சொல் தானாக வரும்' என்பவர்களோடு நான் உடன்படவில்லை. ஜப்பானில் வேரிங், தகாகி என்ற இருவர் 2003இல் வெளியிட்ட சோதனையை அவர்கள் கவனிக்க வேண்டும். எளிதாக்கப்பட்ட ஒரு கதையில் 25 சொற்களுக்குப் பதிலாகப் புதிய சொற்களைப் புகுத்திக் கல்லூரி மாணவிகளைப் படிக்கச் சொன்னார்கள். மூன்று மாதம் கழித்துக் கேட்டபோது சராசரியாக ஒரு சொல்லுக்குத்தான் பொருள் சொல்ல முடிந்தது. ஒரே ஒரு புத்தகத்தைப் படித்து விட்டுவிட்டால் அதுதான் நடக்கும். படித்த சொல் அடுத்த புத்தகத்திலும் அதற்கடுத்ததிலும் எதிர்ப்பட வேண்டும்.

எளிய புத்தகம், நிறையப் புத்தகம் என்ற யோசனைக்கு நம் துணைக்கண்டத்தில் ஒரு வேர் இருக்கிறது. 1920களில் டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட், வங்காளப் பிள்ளைகளின் ஆங்கிலப் பாடநூல்களை ஆராய்ந்தார். வரிக்கு வரி புதிய சொல்லாகத் திணித்து, பழகிய சொல்லைத் திரும்பக் காட்டாமலே விட்டுவிடுகிறார்கள் என்று கண்டு, அடிக்கடி வரும் சொற்களுக்குள் அடங்கிய வாசிப்பு நூல்களைத் தாமே எழுதினார். 1953இல் வெளிவந்த அவரது அடிப்படைச் சொற்பட்டியல் உலகப் புகழ் பெற்றது. அதில் இருந்தவை ஏறத்தாழ 2,000 சொற்கள். பட்டியலைத் தொகுத்த அந்த மனிதரே கதைப் புத்தகமும் எழுதியதைப் பலர் மறந்துவிட்டார்கள். இதே யோசனையோடு 1980களின் தொடக்கத்தில் பிஜித் தீவுகளின் கிராமப் பள்ளிகளில் எல்லி, மங்குபாய் என்ற ஆய்வாளர்கள் இருவரும் வகுப்புக்கு 250 கதைப் புத்தகங்களைக் கொண்டுபோய் வைத்தார்கள். வாசிப்பிலும் கேட்டுப் புரிந்துகொள்வதிலும் அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிட ஏறத்தாழ இருமடங்கு வேகத்தில் முன்னேறினார்கள்.

சீனக் கல்வியாளர்களுக்கு இது தெரியாததல்ல. குவாங்தோங் அயல்மொழிப் பல்கலைக்கழகத்தின் வாங் சூமிங், படிப்பையும் எழுத்தையும் பிரிக்கக் கூடாது என்று நெடுங்காலமாக வாதிட்டவர். முடிவை நீக்கிய கதையைப் படித்துவிட்டு அதை மாணவரே தொடர்ந்து எழுதினால், கதாசிரியரின் சொல்லாட்சி மாணவரின் எழுத்தில் ஒட்டிக்கொள்ளும் என்பது அவர் கருத்து. 2016இல் ஜேஜியாங் மாகாணம் இதைத் தேர்விலேயே கொண்டுவந்தது. சுமார் 350 சொற்களில் ஒரு கதை, அதைத் தொடர்ந்து 150 சொற்களில் எழுத வேண்டும், 25 மதிப்பெண். பிறகு பல மாகாணங்களுக்கும் பரவியது. கதை படித்த பிள்ளைக்கு மட்டுமே கைகொடுக்கக்கூடிய கேள்வி இது.

பயிற்சிச் சந்தை அதையும் பட்டியலாக்கிவிட்டது. கோபத்துக்குப் பத்து வாக்கியங்கள், அழுகைக்குப் பத்து, நன்றிக்குப் பத்து என்று தொகுத்து விற்கிறார்கள். எந்தக் கதையாக இருந்தாலும் நாயகியின் கண்ணில் நீர் ததும்புகிறது, இதயம் தாறுமாறாகத் துடிக்கிறது, கடைசியில் சூரிய ஒளி முகத்தில் விழுகிறது. மாணவரைக் குறைசொல்ல மாட்டேன். படிக்கப் புத்தகம் கொடுக்காமல், கதை எழுதச் சொல்லிக் கேட்டால் அவர் வேறு எங்கே போவார்?

புத்தகம் இல்லாமலும் இல்லை. ஆக்ஸ்ஃபோர்டின் படிநிலைக் கதைத் தொடரைப் பெய்ஜிங்கின் அயல்மொழி கற்பித்தல் மற்றும் ஆய்வுப் பதிப்பகம் 'ஷூச்சோங்', அதாவது புத்தகப் புழு என்ற பெயரில் சீன மொழிபெயர்ப்போடு 1990களிலிருந்தே வெளியிட்டுவருகிறது. அத்தொடரின் முதல் நிலை 400 அடிப்படைச் சொற்களுக்குள் எழுதப்பட்டது, ஆறாம் நிலை 2,500க்குள். மொழிபெயர்ப்பு கூடவே இருப்பது எனக்கு உவப்பில்லை. களைத்த கண் அந்தப் பக்கம்தான் போகும். அதைத் தனிச் சிறு நூலாகக் கொடுப்பது மேல். தைவானிலும் மேல்நிலை மாணவர்களுக்கு 6,000 சொற்களுக்கு மேற்பட்ட பட்டியல் உண்டு. ஆனால் 1962இல் டோரிஸ் பிரவ்ஹம் தொடங்கிய வானொலி ஆங்கில வகுப்பும் அதன் மாத இதழும் தலைமுறை தலைமுறையாக அங்கே வாசிப்பை ஒரு பழக்கமாக வைத்திருக்கின்றன.

பெருநிலச் சீனாவில் நடைமுறைச் சிக்கல்கள் கூடுதல். 2021 மார்ச்சில் வந்த கல்வி அமைச்சக விதிகளின்படி, பாடநூல் அல்லாத எந்தப் புத்தகமும் பள்ளியின் தேர்வுக்கும் ஒப்புதலுக்கும் பிறகே வகுப்புக்குள் வர முடியும். வெளிநாட்டுக் கதை என்றால் தலைமையாசிரியர் இருமுறை யோசிப்பார். உள்நாட்டுப் பதிப்பகங்கள் ஒப்புதல் பெற்ற படிநிலைத் தொடர்களைப் பெருக்கினால் இந்தத் தயக்கம் குறையும். சீனப் பழங்கதைகளையும் அறிவியலாளர் வாழ்க்கைகளையும் எளிய ஆங்கிலத்தில் எழுத அங்கே ஆள் இல்லாமல் போகவில்லை. கதைக்கு உள்ள ஈர்ப்பை 2022 ஜூனில் அந்த நாடே பார்த்தது. நியூ ஓரியண்டல் என்ற பயிற்சி நிறுவனத்தின் முன்னாள் ஆங்கில ஆசிரியர் டோங் யூஹுய், இணைய நேரலையில் மாட்டிறைச்சியும் அரிசியும் விற்றுக்கொண்டே பொருளின் ஆங்கிலப் பெயரை வெள்ளைப் பலகையில் எழுதி, அதையொட்டித் தம் கிராமத்து நினைவுகளைச் சொன்னார். லட்சக்கணக்கானோர் நகராமல் கேட்டார்கள். அதே நிறுவனத்தைத் தொடங்கிய யூ மின்ஹோங் தொகுத்த சிவப்பு அட்டைச் சொற்பட்டியலை மனப்பாடம் செய்தே ஒரு தலைமுறை அமெரிக்கா போயிருந்தது.

நேரம் எங்கே என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. நிமிடத்துக்கு 100 சொற்கள் என்ற மெதுவான வேகத்தில் 3 லட்சம் சொற்களைப் படிக்க 50 மணி நேரம் ஆகும். நாற்பது நிமிடப் பாடவேளையில் 75 வேளைகள். வாரத்துக்கு இரண்டு என்று ஒதுக்கினால் ஒரு கல்வியாண்டுக்குள் முடியும். கதைத் தொடரின் மேல் படிகளில் ஒரு புத்தகம் 20,000 முதல் 30,000 சொற்கள் வரை நீள்வதால் ஆண்டுக்குப் பத்துப் பதினைந்து புத்தகங்கள் போதும். வகுப்புக்கு ஐம்பது வெவ்வேறு தலைப்புகள் வாங்கி மாற்றி மாற்றிக் கொடுத்தால் செலவும் பெரிதல்ல. அந்த இரண்டு வேளைகளில் கேள்வித்தாள் கூடாது, சொல்லைப் பலகையில் எழுதக் கூடாது, ஆசிரியரும் உட்கார்ந்து படிக்க வேண்டும். வீட்டில் படிக்கட்டும் என்று விட்டால் நடக்காது. இரவு பத்து மணிவரை பள்ளியிலேயே மேற்பார்வையில் படிக்கும் பிள்ளைக்கு வீட்டில் தூங்கத்தான் நேரம்.

மூன்றாம் ஆண்டில் இதைத் தொடங்க முடியாது. சீன மேல்நிலைப் பள்ளிகள் முதல் இரண்டாண்டுகளிலேயே பாடங்களை முடித்துவிட்டு மூன்றாம் ஆண்டு முழுவதையும் தேர்வுத் திருப்புதலுக்கு வைத்துக்கொள்கின்றன. ஆகவே முதலாம் ஆண்டு செப்டம்பரிலேயே, உயர்நிலைப் பள்ளியில் கற்ற ஆயிரத்து ஐந்நூறு சொச்சம் சொற்களோடு வரும் பிள்ளையின் கையில், 700 சொற்களுக்குள் எழுதிய இரண்டாம் நிலைக் கதையைக் கொடுக்க வேண்டும். "இவ்வளவு எளிதானதா?" என்று பெற்றோர் கேட்பார்கள். அந்தப் பிள்ளை அகராதியைத் திறக்காமல் கடைசிப் பக்கம் வரை போகக்கூடிய முதல் ஆங்கிலப் புத்தகம் அதுவாக இருக்கும் என்று பள்ளி அவர்களுக்கு விளக்கட்டும்.