வெளிநாட்டில் தங்கி இணையப் பணி: கடன் வாங்கிய இருப்பு உதவாது

பெருமாட்டியின் தென்னந்தோப்புகளுக்கு நடுவே, வீட்டிலிருந்தபடியே கணினிவழிப் பணியாற்றும் இளைஞர்களை இன்று காண்கிறோம். அதே பணியை வேறொரு நாட்டில் தங்கிச் செய்தால் என்ன என்னும் எண்ணம் அவர்களுக்கு எழுவது இயல்பே. இத்தகையோருக்கென எஸ்டோனியா 2020இல் தனி விசாவை அறிமுகப்படுத்தியது. போர்ச்சுகல், ஸ்பெயின், மலேசியா, தாய்லாந்து ஆகிய நாடுகளிலும் இன்று இவ்வகை விசாக்கள் உள்ளன.

இவற்றுக்கு வேண்டிய முதன்மைச் சான்று பணவசதியே. போர்ச்சுகல் தன் நாட்டுக் குறைந்தபட்ச ஊதியத்தைப் போல நான்கு மடங்கு மாத வருவாயைக் கேட்கிறது. தாய்லாந்து 5 லட்சம் பாட் கையிருப்பைக் கேட்கிறது. இதற்குச் சாட்சி வங்கிக் கணக்கு அறிக்கை.

இங்கேதான் சிலர் தவறுகின்றனர். விண்ணப்பத்துக்கு முந்தைய வாரம் தாயின் நகையை அடகு வைத்து, இருப்பைப் பெருக்கிக் காட்ட முற்படுகின்றனர். திடீரென வந்த பெருந்தொகை ஐயத்தையே எழுப்பும். விசா மறுக்கப்பட்டாலும் நகைக்கடனுக்கு வட்டி ஏறிக்கொண்டேயிருக்கும். தகுதிக்குரிய வருவாய் இன்னும் இல்லையெனில், ஓராண்டு பொறுத்துச் சேமிப்பதே நன்று என்பது நமது கருத்து.

விசா கிடைத்தபின்னும் ஒரு கடமை உண்டு. பணியின் பொருட்டு வெளிநாட்டில் குடியேறுவோர், அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம் 1999இன் விதிகளின்படி, தம் சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றிக்கொள்ள வேண்டும். இந்தியாவில் தங்கிய நாட்களின் கணக்கு வருமான வரிக்கும் தேவைப்படும்.

ஆகவே, பயணச்சீட்டு வாங்குமுன் ஒருமுறை கிளைக்கு வாருங்கள். நகையோடு அன்று, கணக்குப் புத்தகத்தோடு.