ஓடுறது யாரு, துரத்துறது யாரு?

சமீபத்தில் பார்த்த ஏதாவது ஒரு ஆக்‌ஷன் படத்தின் சேஸிங் காட்சியை நினைத்துக்கொள்ளுங்கள். துரத்துகிறவனுக்கும் ஓடுகிறவனுக்கும் நடுவில் எத்தனை அடி தூரம்? யார் எந்தப் பக்கம் திரும்பினார்கள்? சொல்ல வராது. டயர் தேயும், கியர் மாறும், ஹீரோ முறைப்பார், கண்ணாடி நொறுங்கும். அரை செகண்டுக்கு ஒரு ஷாட். காதைக் கிழிக்கும் டிரம்ஸ். இதற்குப் பெயர் விறுவிறுப்பாம்!

விறுவிறுப்பு இல்லை சார், ஏமாற்று வேலை.

நான் காமர்ஸ் படித்தவன். எனக்கே தெரிந்த பள்ளிக்கூடக் கணக்கு இது: தூரத்தை நேரத்தால் வகுத்தால் வேகம். தூரத்தையே கண்ணில் காட்டாமல் வேகத்தை மட்டும் எப்படிக் காட்டுவீர்கள்?

1926-ல் வந்த ‘தி ஜெனரல்’ பேசாத படம். பஸ்டர் கீட்டன் கையில் இருந்தது ரயில் தண்டவாளம், அவ்வளவுதான். அவருடைய எஞ்சினை எதிரிகள் கடத்திப்போக, இன்னொரு எஞ்சினில் துரத்துகிறார். பின்னால் இழுத்து வரும் பீரங்கிக்குத் திரி வைக்கிறார். அதன் வாய் மெதுவாகத் தாழ்ந்து இவரையே குறிபார்க்கிறது! மனுஷர் பதறிப்போய் எஞ்சினின் முன்பக்கம் ஓடுகிறார். அந்த நேரம் பார்த்து தண்டவாளம் வளைய, குண்டு இவரைத் தாண்டி எதிரி ரயிலை நோக்கிப் பாய்கிறது. பீரங்கி, கீட்டன், வளைவு, எதிரி... யார் எங்கே என்று நமக்குத் தெரிகிறது. அதனால்தான் பயமும் வருகிறது, சிரிப்பும் வருகிறது.

1971-ல் வில்லியம் ஃப்ரீட்கின் எடுத்த ‘தி ஃப்ரெஞ்ச் கனெக்‌ஷ’னில் இடம் நியூயார்க்கின் புரூக்ளின். மேலே, தூண்கள் மீது ஓடும் ரயிலில் கொலைகாரன். கீழே, அதே தூண்களுக்கு நடுவே காரில் போலீஸ்காரர் ஜீன் ஹாக்மேன். மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. ரயிலுக்கு முன்னால் அடுத்த ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்வாரா? குழந்தைக்குக்கூடப் புரியும் கேள்வி. பின்னணி இசையே கிடையாது. அந்தக் காட்சியில் சீட் நுனிக்கு வராதவர் யார்?

“அதெல்லாம் அந்தக் காலம் சார், இன்னிக்குப் பசங்களுக்கு ஃபாஸ்ட் கட்டிங்தான் பிடிக்கும்” என்பார்கள். சரி, 2015-க்கே வருவோம். ஜார்ஜ் மில்லரின் ‘மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோட்’. இரண்டு மணி நேரப் படத்தில் சுமார் 2,700 ஷாட்டுகள்! ஆனாலும் குழப்பமில்லை. ஏன்? முக்கியமான விஷயத்தைத் திரையின் நடுவிலேயே வைத்து எடுத்தார்கள். ஷாட் மாறினாலும் நம் கண் அலையவேண்டியதில்லை. போன வழியிலேயே திரும்பி வருகிற கதை என்பதால் பாதையும் பழகிவிடுகிறது. கீட்டனும் இதையேதான் செய்தார், எஞ்சினோடு அதே தண்டவாளத்தில் திரும்பி வந்தார்! மில்லர் படத்தை வெட்டி ஒட்டிய மார்கரெட் சிக்செலுக்கு ஆஸ்கரும் கிடைத்தது.

ஆக, குற்றவாளி கத்திரிக்கோல் இல்லை. கத்திரிக்கோலை நம்பிக்கொண்டு யோசிக்காமல் ஷூட்டிங் போகிறார்களே, அவர்கள்தான். 2008-ல் வந்த ஜேம்ஸ்பாண்ட் படம் ‘குவாண்டம் ஆஃப் சோலஸ்’ பாருங்கள். ஆரம்பமே இத்தாலியில் அருமையான ஏரிக்கரைச் சாலை. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் தண்ணீர். இதைவிட என்ன வேண்டும்? கொத்துக்கறி போட்டுவிட்டார்கள். எந்தக் கார் யாருடையது என்று புரிவதற்குள் காட்சியே முடிந்துவிடுகிறது.

தெரு எங்கே வளைகிறது, முட்டுச்சந்து எங்கே இருக்கிறது என்று நமக்கு முன்கூட்டியே தெரிந்தால்தான் ‘ஐயோ, அந்தப் பக்கம் போகாதே’ என்று மனசு அடித்துக்கொள்ளும். தெரியாத தெருவில் எவன் ஓடினால் நமக்கென்ன?

இருபது காரை அடித்து நொறுக்க பட்ஜெட் இருக்கிறது. கேமராவைப் பத்தடி பின்னால் நகர்த்தி வைக்க எத்தனை ரூபாய் ஆகும், தயாரிப்பாளர்களே?