காலில் அடிபட்ட கோழி கத்திக்குத்தானா?

கிராமங்களில் கோழிக்குக் காலில் அடிபட்டால் பெரும்பாலும் அன்றிரவே அது குழம்பாகிவிடுகிறது. இல்லாவிட்டால், "தானாக ஆறிவிடும்" என்று குப்பைமேட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். நாலாம் நாள் புண்ணில் புழு நெளியும். ஒரு வாரத்தில் கோழி வேலியோரம் செத்துக் கிடக்கும். இரண்டும் நஷ்டமே. குழம்பாக்கினால் ஒரு வேளைச் சாப்பாடாவது மிஞ்சும் என்பார்கள். அடிபட்டது சேவலானால் அந்தப் பேச்சை ஒப்புக்கொள்ளலாம். முட்டையிடும் கோழியோ, குஞ்சுகளோடு திரியும் தாய்க்கோழியோ ஆனால் கணக்கு அத்தோடு தீராது.

நாட்டுக் கோழி ஈட்டுக்குப் பத்து முதல் பதினைந்து முட்டை வரை இடும். ஆண்டுக்கு மூன்று, நான்கு ஈடு கிடைக்கும். 21 நாள் அடைகாத்துப் பொரித்து, பருந்துக்கும் காக்கைக்கும் தப்பவைத்து, குஞ்சுகளை வளர்த்தும் கொடுத்துவிடும். முட்டைக்கென்று பண்ணைகளில் வளர்க்கும் வெள்ளைக் கோழிக்கு அடைகாக்கும் குணமே அற்றுப்போய்விட்டது. அதோடு, வீட்டுக் கோழியின் வருமானம் பெரும்பாலும் பெண்கள் கையில் புரள்வது. பிள்ளைகளின் நோட்டுப் புத்தகமும் அவசரத்துக்குப் பஸ் காசும் அதிலிருந்துதான் வருகின்றன. அந்தக் கோழியைப் பிழைக்க வைக்க ஆகும் செலவு கொஞ்சம் உப்பு, மஞ்சள், பழைய வேட்டித் துணி, ஒரு பஞ்சாரம். மற்றது கவனிப்பு. அதுவும் முதல் நாளிலேயே கவனிக்க வேண்டும்.

நொண்டுகிற கோழிக்கெல்லாம் காயம் இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. வெள்ளைக்கழிச்சல் கண்ட கோழிக்கும் கால் வராது. கழுத்துத் திருகிக்கொள்ளும், பச்சையாகவோ வெள்ளையாகவோ கழியும். மேரக்ஸ் நோயில் ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக நீட்டிக்கொண்டு கிடக்கும். இவை தொற்று நோய்கள். காயம் இல்லாமல் கால் விழுந்த கோழியை உடனே மற்றவற்றிலிருந்து பிரித்துவிட்டுக் கால்நடை மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

காயம்தான் என்று தெரிந்தால் முதலில் ரத்தத்தை நிறுத்த வேண்டும். ஒன்றரைக் கிலோக் கோழியின் உடம்பில் இருக்கும் மொத்த ரத்தமே சுமார் 100 மில்லிதான். அரை டம்ளர்கூட வராது. ஆகவே, கோழிக்கு வடிகிற ரத்தத்தை அற்பமாக நினைக்கக் கூடாது. சுத்தமான துணியை மடித்துக் காயத்தின் மேல் வைத்து ஐந்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடித்தால் பெரும்பாலும் நின்றுவிடும். இடையில் துணியை எடுத்து எடுத்துப் பார்த்தால் உறைந்த ரத்தம் பிய்ந்து மறுபடி வடியும்.

பிறகு கழுவுதல். ஒரு லிட்டர் நீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டு, ஒன்றரைத் தேக்கரண்டி உப்புப் போட்டு, மண்ணும் எச்சமும் போகும்படி ஊற்றிக் கழுவ வேண்டும். போவிடோன் அயோடின் இருந்தால் வெளிர்ந்த டீயின் நிறத்துக்கு நீர் கலந்து விடலாம். அதன்பின் மஞ்சள் தூளைச் சிறிது தேங்காய் எண்ணெயில் குழைத்து மெல்லிசாகத் தடவினால் போதும். இறகில் எண்ணெய் வழியக் கூடாது. மஞ்சளில் இன்னொரு நன்மை உண்டு. சிவந்த புண்ணைக் கண்டால் மற்றக் கோழிகள் கொத்திக் கொத்தியே பெரிதாக்கிவிடும். மஞ்சள் அந்தச் சிவப்பை ஓரளவு மறைக்கிறது.

சிலர் புண்ணில் சுண்ணாம்பு வைக்கிறார்கள். சிலர் மண்ணெண்ணெய் ஊற்றுகிறார்கள். சாணம் அப்புவோரும் உண்டு. இதெல்லாம் வைத்தியம் ஆகாது. சுண்ணாம்பும் மண்ணெண்ணெயும் நல்ல சதையையும் சேர்த்து வேகவைக்கும். சாணமோ கிருமிகளைக் கொண்டுவந்து புண்ணில் விதைக்கும். மாட்டுப் புண்ணில் புழு விழுந்தால் டர்பென்டைன் விடும் பழக்கத்தில் கோழிக்கும் விடுவார்கள். கோழியின் தோல் மிக மெல்லியது, தாங்காது. புழுக்களை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து, சீத்தா இலையை அரைத்து ஒருநாள் மட்டும் வைத்துக் கட்டினால் மிச்சமும் வெளியேறும். இந்த நிலைக்கே விடாமலிருப்பதுதான் சாமர்த்தியம். ஈ முட்டையிட்ட ஒரு நாளுக்குள் புழு பொரிந்துவிடுவதால், காலையும் மாலையும் புண்ணைப் பார்த்தே தீர வேண்டும்.

இதைவிடப் பெரிய தவறு, மருந்துக் கடையில் மனிதருக்கு விற்கும் வலி மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கோழி வாயில் போடுவது. டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்து போட்ட மாடு செத்தபின் அதைத் தின்ற பாறுக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டுக் கூட்டம் கூட்டமாக மடிந்தன. அதனால்தான் 2006ஆம் ஆண்டில் மத்திய அரசு அந்த மருந்தைக் கால்நடைகளுக்குத் தடை செய்தது. கோழியும் பறவைதான் என்பதை மறக்கக் கூடாது.

நாய், பூனை, கீரி கடித்த காயம் தனி வகை. மேலே சிறு துளைதான் தெரியும்; பல் உள்ளே ஆழமாக இறங்கியிருக்கும். கை மருந்தோடு நிறுத்தாமல் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். வெறிநாய் என்று சந்தேகம் இருந்தால் வெறுங்கையால் தொடக் கூடாது. ஒரு கோழிக்கு டாக்டரா என்று ஊரார் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். மருந்து தந்தால், எத்தனை நாளைக்கு முட்டையும் இறைச்சியும் உண்ணக் கூடாது என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ள வேண்டும்.

பாதத்தின் அடியில் வீங்கிக் கறுப்பாகப் பொருக்குத் தட்டியிருந்தால் அது உள்ளே பழுத்த பழைய புண். கோழிக்குச் சீழ் நீராக ஓடிவராது. திரிந்த பால்போல் கட்டியாக உறைந்திருக்கும். ஆகவே, பற்றுப் போட்டுப் பழுக்க வைத்துப் பிதுக்குவது வீண்வேலை. அதையும் மருத்துவரே எடுக்க வேண்டும்.

எலும்பு வெளியே தெரிந்தாலும், பாதம் குளிர்ந்து கறுத்துப் போனாலும், மூன்று நான்கு நாள் இரை எடுக்காமல் கிடந்தாலும் கோழியை வைத்துக்கொண்டு வதைப்பது இரக்கம் ஆகாது. அப்போது சீக்கிரம் முடித்துவிடுவதே நல்லது. மருந்து கொடுத்த கோழியையும் சீழ் பிடித்த கோழியையும் சமைக்காமல் ஆழக் குழிவெட்டிப் புதைக்க வேண்டும்.

மனிதர் உண்டாக்கும் காயங்களும் குறைவல்ல. சந்தைக்குப் போகும்போது இரண்டு காலையும் சணலால் இறுக்கி, சைக்கிளில் தலைகீழாகத் தொங்கவிடுகிறார்கள். கயிறு அறுத்த இடம் பின்னால் புண்ணாகிறது. பிராணிகளைத் தேவையற்ற வேதனை உண்டாகும்படி கொண்டுசெல்வது 1960ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சட்டம் கிடக்கட்டும், கால் வீங்கிய கோழிக்குச் சந்தையில் விலை கிடைக்குமா? மூங்கில் கூடை ஒன்று போதும். வீட்டு முற்றத்தில் கிடக்கும் தையல் நூல், தலைமுடி, மீன்வலை நைலான் துண்டு ஆகியவையும் விரல்களில் சுற்றிக்கொண்டு நாளடைவில் விரலையே அறுத்துவிடுகின்றன. நொண்டும் கோழியின் விரலிடுக்கைப் பிரித்துப் பார்த்தால் தெரியும்.

காயம் ஆறும்வரை கோழியைத் தனியே பஞ்சாரத்தில் கவிழ்த்து வைக்க வேண்டும். கீழே உலர்ந்த சாக்கை விரித்துத் தினமும் மாற்ற வேண்டும். இரவில் கீரி வராதபடி மேலே கல் வைக்க வேண்டும். மற்றக் கோழிகளின் சத்தம் கேட்கும் இடமாக இருப்பது நல்லது. தனிமையில் கோழி இரை எடுக்காமல் சோர்ந்துவிடும். குருணை, கம்போடு கரையான், முருங்கைக் கீரை, அவித்த முட்டை எது கிடைத்தாலும் கொடுக்கலாம். தண்ணீர் எழுந்து போகாமலே எட்ட வேண்டும். சின்னக் காயம் ஏழெட்டு நாளில் காய்ந்துவிடும்.

ஆறிய கோழியைப் பகலில் கூட்டத்தில் விட்டால் புதுக்கோழி என்று எல்லாம் சேர்ந்து விரட்டும். பொழுது சாய்ந்து மற்றவை கூட்டில் அடைந்தபின் நடுவில் விட்டுவிட வேண்டும். காலையில் ஒன்றிரண்டு கொத்து விழும். ரத்தம் வராதவரை அதில் தலையிட வேண்டியதில்லை.