வெந்நீருக்கு மானியம்: வாடகை வீட்டுக்காரருக்கு இல்லையா?



வீட்டில் வெந்நீர் போடும் கருவி வாங்க அரசாங்கம் பணம் தரும் என்றால் நம்புவீர்களா? ஆஸ்திரேலியாவில் தந்திருக்கிறார்கள். அது நல்ல திட்டம்தான். ஆனால் அதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது என்பது என் கருத்து.

முதலில் கருவியைப் பார்ப்போம். அதன் பெயர் ஹீட் பம்ப். கிணற்று மோட்டார் தண்ணீரை உண்டாக்குவதில்லை. கீழே இருப்பதை மேலே ஏற்றுகிறது, அவ்வளவுதான். அதேபோல ஹீட் பம்ப் வெளிக்காற்றில் இருக்கும் வெப்பத்தை எடுத்துத் தொட்டித் தண்ணீருக்குள் ஏற்றுகிறது. "காத்தே சில்லுன்னு இருக்கு, அதுல ஏது சூடு?" என்று கேட்பீர்கள். காற்றைவிடக் குளிர்ந்த ஒரு திரவம் குழாயில் ஓடுகிறது. காற்றின் வெப்பம் அதற்குள் போனதும் அது ஆவியாகிறது. அந்த ஆவியைக் கம்ப்ரஸர் அழுத்தினால் நன்றாகச் சூடேறும். அந்தச் சூடுதான் தண்ணீருக்குப் போகிறது. நம் வீட்டு ஃபிரிட்ஜும் இதே வேலையைத்தான் செய்கிறது. அதன் பின்பக்கம் ஏன் சுடுகிறது என்று இப்போது புரிகிறதா?

இனி கணக்கு. 100 லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து 50 டிகிரிக்குக் கொண்டுபோக 12,600 கிலோஜூல் வெப்பம் வேண்டும். ஒரு யூனிட் மின்சாரம் என்பது 3,600 கிலோஜூல். ஆக, ஹீட்டர் ராடு போட்டால் 3.5 யூனிட் செலவாகும். நல்ல ஹீட் பம்ப் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 3 யூனிட் வெப்பம் தரும். அப்படியானால் 1.2 யூனிட்டே போதும்! இரண்டு மாதத்துக்கு அது 210 யூனிட், இது சுமார் 70 யூனிட்.

இவ்வளவு மிச்சம் என்றால் ஏன் எல்லாரும் வாங்கவில்லை? விலைதான் காரணம். சாதாரண கீசரைவிடப் பல மடங்கு விலை. வைக்க இடம் வேண்டும், கம்ப்ரஸர் சத்தமும் கொஞ்சம் உண்டு. பில்லில் மிச்சமாகும் பணம் மாதாமாதம்தான் வரும். விலையையோ முதல் நாளே கொடுத்தாக வேண்டும். இந்த இடத்தில்தான் அரசு கைகொடுக்கிறது. ஆஸ்திரேலியாவில் 2001 முதல் நாடு முழுக்க ஒரு சான்றிதழ் முறை இருக்கிறது. கருவி எவ்வளவு மின்சாரத்தை மிச்சப்படுத்துமோ அதற்கேற்பச் சான்றிதழ் கிடைக்கும். பெரும்பாலும் கடைக்காரரே அதன் மதிப்பை விலையில் கழித்துவிடுவார். சான்றிதழ்களின் எண்ணிக்கை ஆண்டுதோறும் குறைந்து, 2030-உடன் முறையே முடிகிறது. மெல்போர்ன் நகரம் இருக்கும் விக்டோரியா மாநிலம் 2018-ல் தனியாக ஒரு திட்டம் தொடங்கியது. அதில் வெந்நீர்க் கருவிக்கு 1,000 டாலர் வரை தள்ளுபடி தந்தார்கள்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் யாருக்கு? சொந்த வீட்டில் குடியிருப்பவருக்கு! விக்டோரியாவின் விதிப்படி 30 லட்சம் டாலருக்குச் சற்றே குறைந்த மதிப்புள்ள வீடு வைத்திருப்பவரும் அந்தத் தள்ளுபடிக்கு விண்ணப்பிக்கலாம். வாடகைக்கு இருப்பவரால் முடியாது. பந்தியில் உட்கார்ந்தவருக்கே மறுபடியும் பாயசம், வாசலில் நிற்பவருக்கு வாசனை மட்டும் என்பது போல இல்லையா இது?

இதை நான் தூரத்துச் செய்தியாக மட்டும் படிக்கவில்லை. எங்கள் வீடும் வாடகை வீடுதான். நான்கு பேருக்கும் ஹீட்டர் ராடு வெந்நீர். கரண்ட்டுக்கு யூனிட் 8 ரூபாய் என்று வீட்டுக்காரர் வாங்குகிறார். மேலே போட்ட கணக்குப்படி குளிர்காலத்தில் இரண்டு மாதத்துக்கு வெந்நீருக்கு மட்டும் 1,680 ரூபாய். ஹீட் பம்ப் இருந்தால் 560 ரூபாய். "நாளைக்கே காலி பண்ணச் சொன்னா அந்தத் தொட்டிய எங்க தூக்கிட்டுப் போறது?" என்று அம்மா கேட்பார். நியாயம்தானே! வீட்டுக்காரரையும் குறை சொல்ல முடியாது. "கரண்ட் பில் கட்டுறது நீங்க, கருவி மட்டும் நான் வாங்கிப் போடணுமா?" என்பார் அவர். வாங்க வேண்டியவர் ஒருவர், மிச்சம் போவது இன்னொருவருக்கு. அதனால் கடைசியில் யாருமே வாங்குவதில்லை.

சொந்த வீட்டுக்காரரும் வரி கட்டுகிறார், அவருக்குக் கொடுத்தால் என்ன என்று சிலர் சொல்வார்கள். கொடுக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் வரி கட்டுவது அவர் மட்டுமா? கடையில் சோப்பு வாங்கினால் நாங்களும்தான் வரி கட்டுகிறோம். மேலும், மின்சாரத்தை மிச்சப்படுத்துவதுதான் நோக்கம் என்றால் வாடகை வீட்டில் மிச்சமாகும் யூனிட்டும் யூனிட்தானே!

இந்த ஓட்டையை விக்டோரியாவே இப்போது அடைக்கப் பார்க்கிறது. அங்கே வாடகை வீட்டில் கேஸ் வெந்நீர்க் கருவி பழுதாகி மாற்ற வேண்டி வந்தால், சிக்கனமான மின்கருவிதான் வைக்க வேண்டும் என்ற விதி 2027 மார்ச் 1 முதல் என்று அறிவித்திருக்கிறார்கள். சொந்த வீட்டுக்கு உதவி, வாடகை வீட்டுக்குக் கட்டாயம். இரண்டும் சேர்ந்தால்தான் முழுத் திட்டம்.

நம் நாட்டிலும் இதே கேள்வி இருக்கிறது. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் கூரை சோலாருக்கு 78,000 ரூபாய் வரை மானியம் அறிவித்தார்கள். அதற்கும் சொந்தக் கூரை வேண்டும். நாளை ஹீட் பம்புக்கும் இங்கே மானியம் வரலாம். அப்போது ஒன்றைச் சேர்க்க வேண்டும் என்பது என் கோரிக்கை: வாடகைக்கு விட்ட வீட்டில் கருவி வைக்கும் உரிமையாளருக்கும் மானியம் கொடுங்கள், அதைக் காரணம் காட்டி சில ஆண்டுகளுக்கு வாடகையை ஏற்றக் கூடாது என்று எழுதி வாங்குங்கள்.

நண்பர்களே, உங்களில் எத்தனை பேர் வாடகை வீட்டில் இருக்கிறீர்கள்? உங்கள் வீட்டில் யூனிட்டுக்கு எவ்வளவு வாங்குகிறார்கள்? இன்று மாலை வீட்டில் கேட்டுப் பாருங்கள். என் கருத்து தவறு என்று நினைப்பவர்கள் அடுத்த இதழில் பதில் எழுதுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்!

– பதினோராம் வகுப்பு மாணவி