செக்கெண்ணெயில் ‘நல்ல கொலஸ்ட்ரால்’ இல்லை

மரச்செக்கில் ஆட்டிய கடலை எண்ணெயில் ‘நல்ல கொலஸ்ட்ரால்’ நிறைந்திருக்கிறது என்ற வாதம் அடிப்படையிலேயே தவறு. கொலஸ்ட்ரால் விலங்குடல்கள் ஆக்கும் பொருள்; தாவர எண்ணெயில் அது பொருட்படுத்தும் அளவில் இல்லை. ‘நல்லது’ எனப்படும் எச்.டி.எல். என்பது ஈரலும் குடலும் உருவாக்கும் புரத–கொழுப்புத் துகள். அது ரத்தத்தில்தான் உண்டு, எந்தச் செக்கிலும் ஊறுவதில்லை.

மேல்பட்டாம்பாக்கம் உள்ளிட்ட கடலூர் வட்டாரத்தில் மல்லாட்டை எனப்படும் நிலக்கடலையின் எண்ணெயில் மிகுதியாக இருப்பது ஒலீயிக் அமிலம், அடுத்தது லினோலீயிக். லினோலீயிக்கை மனித உடலால் ஆக்க முடியாது. உணவில்தான் பெற வேண்டும். இதை ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் இணையர் 1929 தொடங்கி எலிகளில் நடத்திய ஆய்வுகள் உணர்த்தின.

இந்த அமிலங்களின் விகிதத்தை விதையின் ரகமும் விளையும் சூழலும் தீர்மானிக்கின்றன. மரச்செக்கோ இரும்புச்செக்கோ மாற்றுவதில்லை. சுத்திகரிப்பில் மணமும் வைட்டமின் ஈ-யில் ஒரு பகுதியும் போகின்றன. செக்கெண்ணெயில் இவை தங்குகின்றன; அதன் உண்மையான சிறப்பு அவ்வளவே. எதில் ஆட்டினாலும் ஒரு கிராம் எண்ணெய் தருவது 9 கிலோகலோரி. ஆகவே, இதய நோயாளிகள் செக்கை நம்பி அளவை மீறக் கூடாது.