முதலில் காது, அப்புறம் மேடை

"அப்பா, நான் இனிமே பாட்டு கிளாஸுக்குப் போகலை."

பின் சீட்டிலிருந்து மகள் இதைச் சொன்னபோது நான் பனியில் கார் ஓட்டிக்கொண்டிருந்தேன். பிரேக்கைத்தான் முதலில் மிதித்தேன்! பின்னே? பத்து வருஷம் எங்கள் வீட்டுச் சனிக்கிழமைகளையெல்லாம் விழுங்கிய கிளாஸ் அது. முதலில் ஒரு மாமி வீட்டு பேஸ்மென்ட், அப்புறம் ஸ்கைப், இப்போது ஜூம். எத்தனை வர்ணம், எத்தனை கீர்த்தனை, எத்தனை போட்டி! ஷெல்ஃபில் கோப்பைகளும் வரிசையாக இருக்கின்றன.

"ஏம்மா, பாடப் பிடிக்கலையா?"

"பாடப் பிடிக்கும். ஆனா எதுக்குப் பாடறேன்னு தெரியலை. நம்ம வீட்டுல யாரு பாட்டு கேக்கறா? நீ உக்காந்து ஒரு முழுக் கச்சேரி கேட்டு நான் பார்த்ததே இல்லையே."

என்னிடம் பதில் இல்லை. காரில் அப்போதும் ஏதோ ஒரு ஆலாபனை ஓடிக்கொண்டுதான் இருந்தது. யார் பாடுகிறார்கள், என்ன ராகம் என்று கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. ஜி.பி.எஸ். அம்மா சொன்னதைத்தான் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இத்தனைக்கும் நான் மைசூர் அக்ரஹாரத்தில் வளர்ந்தவன். அரண்மனையிலிருந்து நடக்கிற தூரம். நூற்றொரு கணபதி கோயில், தியாகராஜா ரோடு, ராமானுஜ ரோடு, அதன் குறுக்குத் தெருக்கள், இதுதான் எங்கள் உலகம். வீட்டில் தமிழ், வாசலில் கன்னடம், சண்டை என்றால் இரண்டும் கலந்து. 'ஆகாசவாணி' என்ற பெயரே எங்கள் ஊர் கொடுத்ததுதான். 1935-ல் கோபாலசுவாமி என்ற மனோதத்துவப் பேராசிரியர் தன் வீட்டில் சின்னதாக ஆரம்பித்த வானொலி நிலையத்தின் பெயர் அது. பிற்பாடுதான் அது தேசத்துக்கே பெயரானது. எனக்குத் தெரிந்து தெருவில் ரேடியோ பாடாத காலை இருந்ததில்லை. ஆனால் காதில் விழுவது வேறு, கேட்பது வேறு என்று அந்த வயதில் எனக்குப் புரியவில்லை.

புரிந்த ஒருவர் எங்கள் எதிர் வீட்டில் இருந்தார். அண்ணா என்று கூப்பிடுவோம். பாட்டு கற்றுக்கொண்டிருந்தார், வயது இருபது இருக்கும். ஜகன்மோகன் அரண்மனையில் கச்சேரி என்றால் மத்தியானமே முகம் கழுவித் தயாராகிவிடுவார். டிக்கெட்டுக்குக் காசு இல்லாத நாட்களில் வெளியே சுவரோரம் நின்று கேட்டுவிட்டு வருவார். கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு. தேதி, பாடியவர், பக்கவாத்தியம், ராகம், தாளம், எல்லாம் அதில் ஏறும். ராத்திரி திண்ணையில் உட்கார்ந்து, கேட்ட ராகத்தை மெல்ல இழுத்துப் பார்ப்பார். ஒரு பிடி வராது. மறுபடி, மறுபடி... "ஏய், தூங்க விடுடா!" என்று பக்கத்து வீட்டு மாமா கத்துவார். கேட்டது தொண்டைக்குள் இறங்குகிற வரை அவருக்குத் தூக்கம் கிடையாது. மறுநாள் குருவிடம் அதைப் பாடிக் காட்டித் திட்டு வாங்கிவிட்டு, சிரித்துக்கொண்டே வருவார்.

நான் அப்போது எண்ட்ரன்ஸ் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். இரண்டு வருஷம் அடித்த மிருதங்கத்தைப் பரணில் போட்டாயிற்று. அண்ணாவைப் பார்த்து, 'இது என்ன பைத்தியம்' என்று நினைத்ததும் உண்டு.

இந்தப் பைத்தியம் எங்கள் ஊருக்குப் பழசு. மைசூர் வாசுதேவாச்சாரை (1865–1961) எடுத்துக்கொள்ளுங்கள். கன்னடக்காரர். மகாராஜா சாமராஜ உடையார் உதவியோடு திருவையாற்றுக்குப் போய், பட்டணம் சுப்பிரமணிய ஐயரிடம் குருகுலவாசம் செய்தார். நம் குழந்தைகளுக்கு இந்தப் பரம்பரை தெரியாமலே தெரியும். எல்லாரும் பாடுகிற அந்த ஆபோகி வர்ணம் பட்டணம் ஐயருடையது. 'நின்னு கோரி' என்ற மோகன வர்ணம் அவருடைய இன்னொரு சீடரான பூச்சி ஸ்ரீநிவாச ஐயங்காருடையது. கமாஸில் 'ப்ரோசேவாரெவருரா' வாசுதேவாச்சாருடையது. 1980-ல் வந்த 'சங்கராபரணம்' படத்தில் கேட்டுவிட்டு, தியாகராஜர் பாட்டு என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இன்றும் உண்டு. (நானும் ரொம்ப நாள் அந்தக் கட்சிதான்.) ஆக, நியூ ஜெர்சி பேஸ்மென்டில் நம் பிள்ளைகள் பாடுவதில் பாதி, திருவையாற்றில் ஒரே வாத்தியாரிடம் உட்கார்ந்து கற்றவர்களின் வழியில் வந்தது.

அந்த வாசுதேவாச்சார் கன்னடத்தில் ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். 'நா கண்ட கலாவிதரு'. நான் கண்ட கலைஞர்கள் என்று அர்த்தம். தான் கேட்ட வித்வான்களைப் பற்றிய புத்தகம். இவ்வளவு பெரிய சாகித்யகர்த்தா, தெலுங்கிலும் சமஸ்கிருதத்திலும் எவ்வளவோ கீர்த்தனைகள் செய்தவர், மற்றவர்கள் எப்படிப் பாடினார்கள் என்று உட்கார்ந்து எழுதியிருக்கிறார். எண்பது வயதைத் தாண்டிய பிறகு ருக்மிணி தேவி அழைக்க, சென்னைக்குப் போய்க் கலாக்ஷேத்ராவில் கற்றும் கொடுத்திருக்கிறார். எதிர் வீட்டு அண்ணாவின் நாற்பது பக்க நோட்டும் இந்தப் புத்தகமும் ஒரே ஜாதி என்று எனக்குத் தோன்றும்.

இன்னொருவர் மகாராஜாவே. ஜெயசாமராஜேந்திர உடையார் (1919–1974). சின்ன வயதில் மேற்கத்திய சங்கீத மாணவர். மேடையில் வாசிக்கும் பியானோக் கலைஞராக வேண்டும் என்று ஆசை. 1940-ல் அப்பாவும் பெரியப்பாவும் சில மாத இடைவெளியில் இறந்துபோக, 21 வயதில் பட்டத்துக்கு வந்துவிட்டார். மேடைக் கனவு அதோடு சரி. ஆனால் கேட்பதை விடவில்லை. மெட்னர் என்ற ரஷ்ய இசையமைப்பாளர் லண்டனில் வயதான காலத்தில் கஷ்டப்பட்டுக்கொண்டிருந்தார். 1940-களின் கடைசியில் அவருடைய இசை இசைத்தட்டுகளில் பதிவானது மைசூர்ப் பணத்தில். அவர் தன் மூன்றாவது பியானோ கான்சர்ட்டோவை நம் மகாராஜாவுக்கே சமர்ப்பணம் செய்தார். 1950-ல் லண்டனில் ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் கடைசிப் பாடல்கள் முதன்முதலாக மேடையேறியதிலும் இவர் கைப்பணம் உண்டு. அப்புறம் வாசுதேவாச்சாரின் வழிகாட்டலில் கர்நாடக சங்கீதத்துக்குள் வந்து 94 கீர்த்தனைகள் இயற்றினார். மேடை கிடைக்காத ஒரு மாணவன், காதை மட்டும் வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போயிருக்கிறான் பாருங்கள்.

சரி, என் மகள் கதைக்கு வருகிறேன்.

அந்த ஆவணியில் என் அப்பாவுக்கு சதாபிஷேகம். பள்ளிக்கு லீவு லெட்டர் கொடுத்துவிட்டு எல்லாரும் மைசூர் போனோம். பிள்ளையார் சதுர்த்தி சமயம். வி.வி. மொஹல்லா எட்டாவது கிராஸில் வருஷா வருஷம் பந்தல் போட்டுக் கச்சேரி நடக்கும். தெருவில்தான். பெரிய பெரிய வித்வான்கள் வந்து பாடுவார்கள், டிக்கெட் கிடையாது. அப்பா, "குழந்தையை ஒரு நாள் அழைச்சிண்டு போடா" என்றார். அவள் போனைக் கையில் வைத்துக்கொண்டு வேண்டாவெறுப்பாக ஆட்டோவில் ஏறினாள்.

பந்தலில் மூன்றாவது வரிசையில் யார் தெரியுமா? அண்ணா! தலை முழுக்க நரை, அதே மாதிரி ஒரு நோட்டு. கட்டிக்கொண்டார். "யாரு, உன் பொண்ணா? பாடறாளா? இங்க வா கொழந்தே" என்று பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். நான் ஒரு வரிசை பின்னால்.

அன்று பிரதான ராகம் கரகரப்ரியா. முக்கால் மணி நேரம் போயிருக்கும். அண்ணா ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒரு இடத்தில் மட்டும் அவள் பக்கம் லேசாகத் தலையைத் திருப்பினார். அவ்வளவுதான். அந்த இடத்தில் என் மகளும் நிமிர்ந்தாள். போன் பைக்குள் போயிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். தனி ஆவர்த்தனம் முடிகிற வரை இருவர் கையும் தொடையில் தாளம் போட்டுக்கொண்டே இருந்தன.

திரும்பும்போது ஆட்டோவில் கேட்டாள். "அப்பா, அந்த மாமா எவ்வளவு கச்சேரி பண்ணியிருக்கார்?"

எனக்குத் தெரிந்து, ஸ்ரீராமநவமிக்கு ஒரு சின்னக் கோயிலில் வருஷம் ஒரு தடவை பாடுகிறார். முப்பது பேர் வருவார்கள். மற்றபடி பிள்ளைகளுக்கு வாத்தியார்.

"அப்போ அவர் சக்ஸஸ்ஃபுல் இல்லையா?"

நாம் வளர்த்த பிள்ளை, வேறு எப்படிக் கேட்கும்?

இங்கேதான் என் கருத்தைச் சொல்லவேண்டும். வெளிநாட்டில் இருக்கிற நாம் பிள்ளைகளுக்கு சங்கீதம் கற்றுக்கொடுக்க உயிரைக் கொடுக்கிறோம், சந்தேகமில்லை. கிளீவ்லாந்தில் 1978-ல் தொடங்கிய தியாகராஜ ஆராதனைக்கு எங்கெங்கிருந்தோ குடும்பம் குடும்பமாகப் போகிறோம். ஆனால் யோசித்துப் பாருங்கள். நம் பிள்ளை பாடுகிற ஏழு நிமிஷம் முடிந்ததும் நம்மில் எத்தனை பேர் அடுத்த பிள்ளை பாடுவதைக் கேட்கிறோம்? வீடியோ எடுத்தாச்சு, வாட்ஸப்பில் அனுப்பியாச்சு, லஞ்ச் எங்கே? மேடை ஏற்றுகிறோம், காதைப் பழக்கவில்லை. காலேஜ் அப்ளிகேஷனில் ஒரு வரி ஏறியதும் தம்புரா ஆப் அணைந்துவிடுகிறது. பிள்ளைகளுக்கு ஆர்வம் இல்லை என்று பிறகு புலம்புகிறோம். கேட்டுக் கேட்டு, 'இதை நானும் பாடியே ஆகணும்' என்று ஒரு நாள் வரவேண்டிய பசி அது. பசிக்கு முன்னாலேயே இலையைப் போட்டு, 'சாப்பிடு, சாப்பிடு' என்றால்?

"அப்போ மேடையே வேண்டாமா?" என்று ஒரு நண்பர் சண்டைக்கு வந்தார். அப்படிச் சொல்லவில்லை. அண்ணா கேட்டதோடு நின்றிருந்தால் அந்தக் கரகரப்ரியா அவருக்குள் அவ்வளவு ஆழமாகப் போயிருக்காது. பாடிப் பார்த்து, தப்புப் பண்ணி, நாலு பேர் முன்னால் கை நடுங்கினவனுக்குத்தான் மேடையில் இருப்பவர் செய்வது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். சௌடையா வித்வானையே பாருங்கள். பிடாரம் கிருஷ்ணப்பாவிடம் பதினெட்டு வருஷம் இருந்து வயலின் கற்றவர். மைக் இல்லாத காலத்தில் வயலின் சத்தம் சபையின் கடைசி வரிசைக்குப் போகவில்லை என்று ஏழு தந்தி வயலினை உருவாக்கினார். கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவனின் காதாக இருந்து யோசித்தால்தானே அது தோன்றும்? கேட்கிறவனும் பாடுகிறவனும் ஒரே ஆளுக்குள் இருக்கவேண்டும் என்பதுதான் என் கட்சி.

இன்னொன்றும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் 'அந்தக் காலம் போல வருமா' பதிவாகிவிடும். பழைய அக்ரஹாரத்துத் திண்ணை எல்லாருக்குமான திண்ணை இல்லை. யார் அங்கே உட்காரலாம், யார் கூடாது என்று கணக்கு இருந்தது. சுவருக்கு வெளியே நின்று கேட்டவர்கள் எல்லாரும் காசில்லாமல் மட்டும் வெளியே நிற்கவில்லை. அந்த விதத்தில் யார் வேண்டுமானாலும் வந்து உட்காரும் தெருப் பந்தல் எங்கள் திண்ணையைவிட உசத்தி. அக்ரஹாரத்தை இங்கே கொண்டுவர எனக்கு ஆசையில்லை, அந்தப் பந்தலைக் கொண்டுவரத்தான் ஆசை.

ஊரிலிருந்து திரும்பியதும் ஒரு ஏற்பாடு செய்தோம். வெள்ளிக்கிழமை ராத்திரி சாப்பாடு ஆனதும் ஒரு முழுக் கச்சேரி. துண்டு துண்டாக இல்லை, வர்ணத்திலிருந்து மங்களம் வரை. எல்லாருடைய போனும் சமையலறை டிராயருக்குள். தரையில்தான் உட்காரவேண்டும் (முதுகுவலிக்காரனான எனக்கு மட்டும் சோபா அனுமதி). முதல் வாரம் நான் விரிபோணி முடிவதற்குள் தூங்கிவிட்டேன். மகள் காலை மிதித்து எழுப்பினாள். மூன்றாவது வாரம் பக்கத்துத் தெரு தெலுங்குக் குடும்பம் வந்தது. இப்போது இரண்டு மலையாளிப் பையன்களும் மகளோடு பள்ளியில் செல்லோ வாசிக்கும் ஒரு கொரியப் பெண்ணும் வருகிறார்கள். அந்தப் பெண்ணுக்காக ஒரு வாரம் மெட்னர் போட்டோம்!

பாட்டு கிளாஸ் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். நான்கு மாதம் போகவில்லை. நானும் வற்புறுத்தவில்லை, ரொம்பக் கஷ்டப்பட்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன். போன மாதம் ஒரு ராத்திரி பதினோரு மணிக்கு அவள் அறையிலிருந்து சத்தம். கரகரப்ரியா. அதே ஒரு பிடி. வரவில்லை. மறுபடி. வரவில்லை. மறுபடி...

நாளைக்குக் காலை எனக்கு ஏழு மணி மீட்டிங். "தூங்க விடும்மா" என்று சொல்ல வாயைத் திறந்தேன். எதிர் வீட்டுத் திண்ணை ஞாபகம் வந்தது. விளக்கை அணைத்துவிட்டு, கதவை மட்டும் கொஞ்சம் திறந்து வைத்துப் படுத்துக்கொண்டேன்.

திரும்ப கிளாஸுக்குப் போவாளா? தெரியவில்லை, அது அவள் பாடு. நோட்டு ஒன்று வாங்கியிருக்கிறாள். அதில் முதல் பக்கத்தில் எட்டாவது கிராஸ் கச்சேரியின் தேதி இருக்கிறது.

உங்கள் வீட்டில் கடைசியாக ஒரு முழுக் கச்சேரி கேட்டது எப்போது?