பாட்டன் பெயர் எந்தப் பதிவேட்டில்?

பெங்களூரிலும் கோலார் தங்கவயலிலும் மூன்று, நான்கு தலைமுறையாகக் குடியிருக்கும் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களில் சொந்த ஊர் எது என்று கேட்டால் “வட ஆர்க்காடு”, “செங்கல்பட்டு” என்று பதில் வரும். எந்தக் கிராமம் என்று கேட்டால் தயக்கம். பாட்டனின் தகப்பன் பெயர் என்ன என்றால் மௌனம். இது சாதாரண மறதி அல்ல. குடும்பத்தின் உரிமையே இந்த மறதியில் முடங்கிக் கிடக்கலாம்.

சிலர் வேறு வழியில் வம்சம் தேடுகிறார்கள். கோலாரம்மா கோயிலில் சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. தொம்மலூர் சொக்கநாதர் கோயிலிலும் பழைய தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. ஆகவே நாங்கள் அந்நாளைய குடிகள் என்கிறார்கள். கல்வெட்டு உண்மைதான். ஆனால் அதில் நிலம் கொடுத்தவர் பெயரும் பெற்றவர் பெயரும்தான் பெரும்பாலும் இருக்கும். சேற்றில் இறங்கி உழுதவன் பெயரைக் கல்லில் தேடுவது வீண்.

அந்த உழவனின் பெயர் சர்க்கார் கணக்கில் ஏறிய காலம் ஒன்று உண்டு. செங்கல்பட்டு கலெக்டர் பொறுப்பில் இருந்த திரமென்ஹீர், தாழ்த்தப்பட்ட மக்களின் நிலைமை பற்றி 1891-இல் அறிக்கை அனுப்பினார். அதன் பேரில் 1892-இல் சென்னை மாகாண அரசு அம்மக்களுக்கு நிலம் வழங்க உத்தரவிட்டது. பஞ்சமி நிலம் என்பது இதுதான். முதல் பத்து ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது. பிறகு விற்றாலும் அதே வகுப்பினருக்குத்தான் விற்கலாம். மீறினால் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்பது நிபந்தனை.

ஏறக்குறைய அதே காலத்தில்தான் கோலாரில் ஜான் டெய்லர் கம்பெனியின் சுரங்கங்கள் ஆள் எடுத்தன. பஞ்சமும் கடனும் துரத்த, வட ஆர்க்காட்டிலிருந்து ஆயிரக்கணக்கானோர் தங்கவயலுக்கு வந்தார்கள். ஊரில் பஞ்சமி நிலங்கள் பல, நிபந்தனையை மீறி, பிறர் கைக்குப் போயின. சுரங்கமும் 2001-இல் மூடப்பட்டது. பேரனுக்கு நிலமும் இல்லை, வேலையும் இல்லை.

“ஊரை விட்டு நூறு வருஷம் ஆயிற்று, இனி எதற்கு?” என்று கேட்பவர்கள் உண்டு. பட்டா கையில் வைத்திருப்பவன் இப்படிக் கேட்பதில்லை. இழந்தவன்தான் கேட்கிறான்!

தேடுவதற்கு முறை உண்டு. முதலில் வீட்டுக் கிழவியிடம் குலதெய்வம் எந்த ஊரில் என்று கேட்க வேண்டும். ஊர்ப் பெயர் மறந்தாலும் பொங்கல் வைத்த இடம் மறக்காது. அடுத்து, பெயர் மாற்றத்தைக் கவனிக்க வேண்டும். மாரிக்குப்பத்தில் அயோத்திதாசரின் பௌத்த சங்கத்துக்குக் கிளை இருந்தது. கிறிஸ்தவம் தழுவியவர்களும் உண்டு. ஊர்க் கணக்கில் இருக்கும் பெயர் வேறு, தங்கவயலில் வழங்கிய பெயர் வேறாக இருக்கலாம். மாதா கோயில் ஞானஸ்நானப் பதிவேடு அங்கே உதவும். ஊர் தெரிந்தபின், தாலுகா அலுவலகத்திலும் எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் பழைய செட்டில்மென்ட் பதிவேட்டைப் பார்க்க வேண்டும். 2005-இல் வந்த தகவல் உரிமைச் சட்டப்படி மனுப் போடலாம். இன்றைய பட்டாவை மட்டும் பார்த்துத் திரும்பினால் பழைய பெயர் தெரியாது.

பெயர் கிடைத்த மறுநாளே நிலம் கிடைத்துவிடாது. 1994-இல் செங்கல்பட்டு அருகே காரணையில் பஞ்சமி நிலம் கேட்டுப் போராடியவர்களில் இருவர் துப்பாக்கிச் சூட்டில் மாண்டார்கள். ஆனால் பெயரே தெரியாதவன் எந்தக் கச்சேரியில் போய் நிற்பான்?

தமிழக அரசு 1892-க்குப் பின் நிலம் பெற்றவர்களின் பெயர்ப் பட்டியலைக் கிராமவாரியாக அச்சிட்டு, எல்லோரும் பார்க்கும்படி வைக்க வேண்டும். வெளி மாநிலத்தில் கூலி வேலை செய்பவன் சம்பளத்தை இழந்து ஒவ்வொரு மேஜையாக அலைய முடியாது. தமிழ்ச் சங்கங்களும் ஆண்டு விழாச் செலவில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்கலாம். மனு எழுதித் தரத் தெரிந்த குமாஸ்தாக்கள் சங்கங்களில் இல்லாமலா இருக்கிறார்கள்?

அரசு செய்வது செய்யட்டும். கிழவிகள் இருக்கும்போதே ஊரையும் பெயரையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்பது குடும்பத்தாரின் கடமை.